மேற்கை எலும்பு முறிவும் மருத்துவமும்

மனிதன் ஆற்றும் தொழில்களுள் பெரும்பாலானவை கையினால் ஆவன. எழுதுகோல் பிடிப்பதும் யாழ் மீட்டுவதும் விரல்களின் செயல்கள். எனினும், அவ்விரல்களை வேண்டிய இடத்திற்கு எடுத்துச் செல்வது தோள்மூட்டுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேற்கையே. இம்மேற்கையையும் சேர்த்தே நம் முன்னோர் 'தோள்' என்றனர். மகளிர் தோளுக்கு மூங்கிலை உவமையாக்கி 'வேய்த்தோள்' என்று வழங்கியதைத் தமிழாசிரியர்கள் அறிவர். வடிவழகு கருதி எழுந்த உவமை அது. ஆயினும், உள்ளிருக்கும் எலும்புக்கும் அது நன்கு பொருந்துகின்றது. மேற்கை எலும்பு மூங்கிலைப் போலவே நீண்டது. உள்ளே குழலாகவும் புறத்தே உறுதியாகவும் அமைந்தது. பச்சை மூங்கில் வளையும். முற்றிக் காய்ந்த மூங்கில் வெடித்துப் பிளக்கும். குழந்தையின் எலும்புக்கும் பெரியவரின் எலும்புக்கும் உள்ள வேறுபாடும் ஏறத்தாழ இதுவே.

எலும்பு முறிந்தால் அதனைச் சேர்த்துக் கட்டுவதே மருத்துவம் என்று பலரும் எண்ணுகின்றனர். இஃது அரைகுறை உண்மை. முறிந்த எலும்பைக் கூட வைப்பவன் மருத்துவன் அல்லன். உயிருள்ள எலும்பு தானே கூடிக்கொள்ளும். மருத்துவத்தின் முதற்கடமை, எலும்பு கூடி முடியும் வரையில் கையின் குருதியோட்டத்தையும் நரம்பையும் காத்தலாகும். அடுத்த கடமை, முறிந்தவரின் வயதையும் முறிந்த இடத்தையும் நோக்கி, எலும்பு நேராகக் கூடுவதற்கு வழி செய்தலாகும். முன்னதை மறந்து பின்னதில் மட்டும் கருத்தூன்றியமையால் கையிழந்தோர் பலர்.

எலும்பின் அமைப்பு

முன்கையில் எலும்புகள் இரண்டு, மேற்கையிலோ ஒன்றே. அதன் மேல்முனை உருண்டையாகத் தோட்குழியில் பொருந்தியுள்ளது. நடுப்பகுதி உருண்ட தண்டு. கீழ்முனை தட்டையாக விரிந்து, முன்கை எலும்புகளோடு கூடி முழங்கை மூட்டாகின்றது. முழங்கைக்குச் சற்று மேலே, எலும்பின் முன்புறத்தும் பின்புறத்தும் இரு பள்ளங்கள் உள்ளன. அவ்விடத்தில் எலும்பு மிக மெலிந்திருக்கும். குழந்தைகளுக்கு அடிக்கடி முறிவது இவ்விடமே.

எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்புகளையும் நாம் அறிதல் வேண்டும். தண்டின் பின்புறத்தைச் சுற்றிக் கொடிபோல் இறங்குவது ஆரை நரம்பு. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்குவது இதன் வேலை. முழங்கையின் முன்புறத்தே கைக்குக் குருதி கொண்டு செல்லும் பெரிய தமனியும் நடு நரம்பும் இணைந்து செல்கின்றன. முழங்கையின் உட்புறக் குமிழுக்குப் பின்னே மற்றொரு நரம்பு செல்கின்றது. முழங்கையை மேசையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரையில் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஓர் உணர்ச்சி தோன்றுகிறதன்றோ? அஃது இந்த நரம்பு பட்ட அடியே.

பழையோர் கண்டவை

இவ்வெலும்பு முறிவுக்கு மருத்துவம் கண்ட வரலாறு மிகப் பழையது. எகிப்தின் லக்சார் நகரில் 1862-இல் எட்வின் ஸ்மித் என்பார் விலைக்கு வாங்கிய பாப்பிரசுச் சுருள், ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அதில் 48 நோயாளர் நிலைகள் கூறப்பட்டுள்ளன. மேற்கை எலும்பு முறிந்தவனை மல்லாக்கக் கிடத்தி, தோள்களை விரித்து இழுத்து, முறிந்த முனைகள் தத்தம் இடத்தில் வந்தமர்ந்த பின் துணியாலான தப்பைகள் வைத்துக் கட்டுமாறு அது கூறுகின்றது. முறிவின்மேல் தோல் கிழிந்து புண்பட்டிருப்பின் நிலைமை கடிது என்றும் அது பிரித்துரைக்கின்றது. தோல் கிழிந்த முறிவையும் கிழியாத முறிவையும் இன்றைய மருத்துவரும் முதற்கண் பிரித்தே நோக்குவர்.

நம் நாட்டுச் சுசுருதர் நூல் மூங்கில், அத்தி, அரசு, ஆல் முதலியவற்றைத் தப்பைக்கு உரியனவாகக் கூறுகின்றது. அந்நூலின் இரு கருத்துகள் இன்றும் எண்ணத் தக்கவை. கட்டு மிகத் தளர்ந்தால் எலும்பு நிலைகொள்ளாது என்றும், மிக இறுகினால் வீக்கமும் வலியும் சீழும் உண்டாகும் என்றும், ஆகவே நடுத்தரமான கட்டே தக்கது என்றும் கூறுவது ஒன்று. இளமையில் ஒரு மாதத்திலும், நடுவயதில் அதன் இரு மடங்கிலும், முதுமையில் மும்மடங்கிலும் எலும்பு உறுதிப்படும் என்பது மற்றொன்று. எக்ஸ்ரே கதிர்களை ராண்ட்ஜன் கண்டறிந்தது 1895-இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கண்ணாலும் கையாலும் ஆராய்ந்தே இவ்வளவும் கண்டனர் என்பது வியப்பிற்குரியது. கட்டின் இறுக்கம், நோயாளரின் வயது என்னும் இவ்விரண்டுமே நம் கட்டுரைக்கும் அடிப்படை.

குழந்தையின் எலும்பு

குழந்தையின் எலும்பைச் சுற்றியுள்ள உறை தடித்தது, குருதி நிறைந்தது. எலும்பு முறிந்தாலும் அவ்வுறை பெரும்பாலும் ஒருபுறம் அறாமல் நின்று முறிந்த முனைகளைப் பிடித்துக்கொள்ளும். சில வேளைகளில் எலும்பு பச்சைக் கொம்பு போல் ஒரு பக்கம் மட்டும் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்பதும் உண்டு. பிறக்கும்போதே மேற்கை எலும்பு முறிந்த சிசுவுக்கு இரண்டு மூன்று வாரங்களில் எலும்பு கூடிவிடுகின்றது.

கூடுவதோடு நில்லாமல், கோணலாகக் கூடிய எலும்பு வளர்ச்சியில் தன்னை நிமிர்த்திக்கொள்வதும் உண்டு. ஆனால், இவ்வாற்றல் எலும்பு முழுவதிலும் ஒரே அளவினதன்று. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தோள்முனையிலுள்ள வளர்தட்டிலும், 20 விழுக்காடு மட்டுமே முழங்கை முனையிலும் நிகழ்கின்றது. ஆகவே, தோளருகே முறிந்த எலும்பு, வயது சிறியதாயின், கணிசமான கோணலைக்கூடக் காலப்போக்கில் நேராக்கிக்கொள்ளும். கழுத்திலிருந்து துணியால் கையைத் தாங்கி மூன்று நான்கு வாரம் ஓய்வளித்தாலே பெரும்பாலும் போதும். முழங்கையருகே அவ்வாறன்று. அங்கே நேர்ந்த பக்கச் சாய்வு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பர். முழங்கையைப் பொறுத்தவரை, ஐந்தில் வளைந்தது ஐம்பதிலும் நிமிராது என்று கூறலாம்.

முழங்கைக்கு மேல் நேரும் முறிவு

பள்ளி இடைவேளையில் ஒரு சிறுவன் தொங்குகம்பியிலிருந்து கை நழுவி விழுகின்றான். விழும்போது கையை நீட்டி நிலத்தில் ஊன்றுகின்றான். முழங்கை பின்புறமாக நெம்பப்பட்டு, எலும்பு மெலிந்த அவ்விடத்தில் முறிகின்றது. குழந்தைகளின் முழங்கைப் பகுதியில் நேரும் முறிவுகளுள் இதுவே மிகுதி. ஐந்து முதல் ஏழு வயது வரையில் உள்ளோரே இதற்கு அதிகம் ஆளாவோர்.

இம்முறிவில் அஞ்சத்தக்கது எலும்பன்று. முறிந்த மேல்துண்டின் கூரிய முனை முன்னோக்கி வந்து தமனியையும் நரம்பையும் அழுத்தக்கூடும். குருதி கசிந்து முழங்கை வீங்கும். அந்த வீக்கத்தின்மேல் யாரேனும் இறுக்கிக் கட்டிவிட்டால் முன்கைத் தசைகளுக்குக் குருதி செல்லாது. ஆறு மணி நேரத்திற்கு மேல் குருதியின்றிக் கிடந்த தசை மடியத் தொடங்கும். மடிந்த தசை நாராகிச் சுருங்கும். விரல்கள் பருந்தின் நகங்கள்போல் மடங்கி நின்றுவிடும். எலும்பு செவ்வனே கூடியிருக்கும், கைதான் பயன்படாது.

இக்கொடுமையை 1881-இல் விரிவாக எடுத்துரைத்தவர் செருமானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வான் வோல்க்மன். மிக இறுகிய கட்டுகளால் தசைகள் குருதி பெறாமையே இதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். இந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இவர் 'லியாண்டர்' என்னும் புனைபெயரில் குழந்தைகள் விரும்பும் கதைகளும் எழுதியவர் என்பது இலக்கிய அன்பர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

1959-இல் கார்ட்லண்ட் என்பார் இம்முறிவை மூவகையாகப் பகுத்தார். முதல் வகையில் எலும்பு இடம் பெயர்வதில்லை. மாவுக்கட்டு மூன்று வாரம் இருந்தால் போதும். இரண்டாம் வகையில் எலும்பு பின்புறம் சாய்ந்திருக்கும். ஆனால், பின்பக்கம் அறாமல் ஒட்டியிருக்கும். இதனை மயக்க மருந்து கொடுத்து நேராக்குவர். பல வேளைகளில் கம்பியும் செலுத்துவர். மூன்றாம் வகையில் துண்டுகள் முற்றும் விலகிவிடும். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே எலும்பை இடத்தில் அமர்த்தி, தோலின் வழியே மெல்லிய கம்பிகள் இரண்டு மூன்றைச் செலுத்தி நிறுத்துவர். மூன்று நான்கு வாரங்களில் அக்கம்பிகளை உருவிவிடுவர். கம்பி என்றதும் பெற்றோர் கலங்குவது இயல்பு. ஆனால், கம்பி இருப்பதால்தான் முழங்கையை மிக மடக்கி இறுகக் கட்ட வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. குருதியோட்டத்தைக் காப்பதற்கு இதனினும் நல்ல துணை இல்லை.

நரம்பு நலமாக உள்ளதா என்று காணக் குழந்தை மருத்துவர்கள் ஓர் எளிய வழி கண்டுள்ளனர். நம் நாட்டுச் சிறுவர் எல்லாரும் ஆடும் 'கத்தரிக்கோல், காகிதம், கல்' விளையாட்டே அது. கையை மூடிக் கல் காட்டினால் நடு நரம்பு வேலை செய்கின்றது. கையை விரித்துக் காகிதம் காட்டினால் ஆரை நரம்பு நலம். இரு விரல்களை விரித்துக் கத்தரிக்கோல் காட்டினால் சுண்டுவிரற் பக்கத்து நரம்பு நலம். பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டம் காட்டச் சொல்வது, நடு நரம்பின் ஒரு கிளையை அறிவதற்காக. அழுதுகொண்டிருக்கும் குழந்தையும் விளையாட்டு என்றால் கை காட்டும்.

பெரியவர்க்கு நேரும் முறிவு

வளர்ந்தவர்களுக்குத் தண்டுப் பகுதி முறிவது பெரும்பாலும் ஊர்தி விபத்தினாலோ உயரத்திலிருந்து வீழ்வதனாலோ ஆகும். சிலருக்கு வலிந்து முறுக்குவதாலும் முறியும். பத்தில் ஒருவருக்கு ஆரை நரம்பும் இதனோடு பாதிக்கப்பட்டு, மணிக்கட்டு தொங்கிவிடுகின்றது. இதனைக் கண்டு கை போயிற்றென்று நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. தோல் கிழியாத முறிவுகளில் அந்நரம்பு பெரும்பாலும் அறுபடுவதில்லை. நசுங்கியோ இழுபட்டோ இருக்கும். பல மாதங்கள் ஆயினும், பெரும்பாலோர்க்குத் தானாகவே மீளும். அதுவரை மணிக்கட்டு தொங்காமல் தாங்கிப் பிடிக்க ஒரு தாங்கி அணிதல் வேண்டும்.

தண்டு முறிவுக்கு மாவுக்கட்டு, கையைத் தொங்கவிடுதல் ஆகிய முறைகள் நெடுங்காலம் வழங்கின. 1977-இல் அகஸ்டோ சார்மியன்டோ என்னும் மருத்துவர், மேற்கையைச் சுற்றி அணியும் இலகுவான உறைத்தாங்கி முறையை வெளியிட்டார். முதல் ஒன்றிரண்டு வாரம் தப்பைக் கட்டு. வீக்கம் தணிந்தபின் உறைத்தாங்கி. தோளும் முழங்கையும் கட்டுண்டு கிடப்பதில்லை, அசைக்கலாம். கையின் எடையே எலும்பை நேராக இழுக்கும். சுற்றியுள்ள தசைகள் உறையினுள் அழுந்தி எலும்பைத் தாங்கும். பத்து, பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலோர்க்கு எலும்பு கூடிவிடும். சிறிது கோணல் நின்றாலும், தோள் எப்புறமும் சுழலும் மூட்டாதலால், அன்றாட வேலைக்கு இடையூறு குறைவு.

அப்படியாயின் அறுவை வேண்டாவோ? தோல் கிழிந்த முறிவு, தமனி சிதைந்த முறிவு, ஒரே கையில் முன்கையும் சேர்ந்து முறிந்த நிலை ஆகியவற்றில் தகடோ உட்கம்பியோ வைத்தல் வேண்டும். மற்றவற்றில் இருவழியும் உண்டு. பின்லாந்தில் 82 பேரைக் கொண்டு நடந்து, 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டோர் குழுவிற்கும் தாங்கி அணிந்தோர் குழுவிற்கும் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், தாங்கி அணிந்த 44 பேரில் 13 பேருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே நோயாளி எண்ணிப் பார்த்து, மருத்துவரோடு கலந்து முடிவு செய்தல் நன்று.

முதியோர்க்கு நேரும் முறிவு

முதுமையில் எலும்பு உள்ளூரப் பொள்ளலாகின்றது. குளியலறையில் வழுக்கி விழுந்தாலே தோளருகே முறிந்துவிடும். அறுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு நேரும் முறிவுகளுள், இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் அடுத்தபடியாக மிகுதியாகக் காண்பது இதுவே. மேற்கையும் மார்பும் கருநீலமாகக் கன்றிப்போவதைக் கண்டு வீட்டார் அஞ்சுவர். அது கசிந்த குருதி கீழிறங்குவதே. சில வாரங்களில் மறையும்.

எலும்பு பல துண்டாக விலகியிருந்தால் தகடு வைத்தோ செயற்கை மூட்டு வைத்தோ சீர்செய்வதுண்டு. எனினும், பிரிட்டனில் 250 பேரைக் கொண்டு நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, இடம்பெயர்ந்த முறிவுகளிலும்கூட, அறுவை செய்தோர்க்கும் துணித்தாங்கி மட்டும் அணிந்தோர்க்கும் இரண்டாண்டு வரையில் வேறுபாடு இல்லை என்று காட்டிற்று. மூட்டு நழுவிய முறிவு போன்ற சிலவற்றிற்கு இது பொருந்தாது. பெரும்பாலான முதியோர்க்கு உண்மையான பகை, அசைக்காமல் வைத்திருத்தலே. இரண்டு மூன்று வாரம் கழிந்ததும், மருத்துவர் சொன்னபடி, குனிந்து நின்று கையை ஊசல்போல் மெல்ல ஆட்டும் பயிற்சி தொடங்க வேண்டும். அஞ்சிக் கையை மார்போடு அணைத்தே வைத்திருந்தால் எலும்பு கூடும், தோள் இறுகும். பிறகு தலைவாரவும் சட்டை அணியவும் பிறர் துணை வேண்டியதாகும். எலும்பின் வலிமையைச் சோதித்து மருந்து கொள்வதும், வழுக்கும் தரையைச் சீர்செய்வதும் அடுத்த முறிவைத் தடுக்கும்.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கவை

குழந்தை விழுந்த இடத்தில் முதலில் நிற்பவர் மருத்துவர் அல்லர்; ஆசிரியரே. அந்த அரைமணி நேரத்தில் அவர் செய்வதும் செய்யாதிருப்பதும் கையின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கும்.

கோணிய கையை நிமிர்த்த முயல வேண்டா. இழுக்கவும் உருவவும் எண்ணெய் தடவவும் வேண்டா. வீக்கம் ஏறுமுன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுக. கை எந்நிலையில் வலி குறைந்து இருக்கின்றதோ அந்நிலையிலேயே அகன்ற துணியாலோ தலையணையாலோ தாங்குக. முழங்கையைச் சுற்றி எதனையும் இறுகக் கட்டற்க. புண் இருப்பின் தூய துணியால் மூடுக. மயக்க மருந்து தேவைப்படலாமாகையால் உணவும் பானமும் தரலாகாது. விரல்கள் வெளுத்தோ குளிர்ந்தோ மரத்தோ இருந்தால் ஒரு நொடியும் தாழ்க்காமல் மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

மாவுக்கட்டுடன் வீடு திரும்பிய பின்னும் விழிப்பு வேண்டும். முதல் இரண்டு நாள் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்திருத்தல் நலம். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போதல், குழந்தை காரணமின்றிப் பதறுதல், விரல்களை மெல்ல நீட்டிவிட்டாலும் அலறுதல் ஆகிய இவை குருதி தடைப்படுவதன் அறிகுறிகள். 'கட்டுப் போட்டால் வலிக்கத்தான் செய்யும்' என்று சொல்லி விடியும் வரை காத்திருப்பது பெரும் பிழை. நள்ளிரவாயினும் மருத்துவமனைக்குத் திரும்புக.

கட்டுப் பிரித்தபின் நம்மவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. முழங்கை விறைத்திருப்பதைக் கண்டு உருவுவோரிடம் அழைத்துச் செல்கின்றனர். ஆறிவரும் முழங்கையை வலிந்து நீட்டினாலோ அழுத்தி உருவினாலோ தசைக்குள் எலும்பு படிந்து விறைப்பு மிகும். குழந்தைக்கு விளையாட்டே பயிற்சி; சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், கை தானே நீளும். நாட்டு வைத்தியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரிடையே வழிவழி வந்த கட்டு முறைகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. எளிய முறிவுகள் பல அவர்களிடம் ஆறியதும் உண்மையே. ஆனால், எக்ஸ்ரே காணாமல், குருதியோட்டம் ஆராயாமல் குழந்தையின் முழங்கைமேல் தப்பை வைத்து இறுக்குவது, சுசுருதர் நூலே விலக்கிய செயல்.

குழந்தைக்கு வளர்ச்சியும், நடுவயதினர்க்குத் தசையும் எடையும், முதியோர்க்கு அளவான அசைவும் துணை நிற்கின்றன. எலும்பு கூடுவதற்குக் காலம் இருக்கின்றது, வாரக்கணக்கில் இருக்கின்றது. கைக்குக் குருதி திரும்புவதற்கோ சில மணி நேரமே இருக்கின்றது. இவ்விரண்டு கணக்குகளையும் பிரித்தறிந்த ஓர் ஆசிரியர் திடலில் நின்றால், விழுந்த சிறுவன் மீண்டும் எழுதுகோல் பிடிப்பான்.